நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை

முன்னுக்கு வந்து இருந்தது நல்லதாப் போச்சு தம்பி. பெல்ற்றைப் போடுங்கோ. பின்னுக்கு உங்கடை கலியாணச் சனம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. லண்டனிலையிருந்து இவ்வளவு தூரம் ஓடி வாறவனுக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும்.

மாப்பிள்ளையின்ரை தேப்பன் நீங்கள் வாறதுக்கு முந்தி இதிலைதான் இருந்தவர். நல்ல மனுசன். மண்டபக்காரனோடை ஏதோ சிக்கலாம், ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர். நான் ஏன் சொல்லப்போறன்? என்னட்டை ஒரு விசயம் வந்தால் அது கிணத்துக்கை போட்ட கல்லுத்தான். சிக்கல் எண்டதுக்கு மேலை ஒரு சொல்லு நீங்கள் என்னட்டையிருந்து எடுக்கேலாது.

இடது பக்கம் பாருங்கோ. கடல் தெரியுதெல்லே? அதுக்கு இஞ்சாலை நாலு லைற் கம்பம் நிக்குது பாருங்கோ. அதுதான் கிரேக்ஹேவன். அது அந்த ஊர்க் கிளப்பின்ரை மைதானம். ஓம், புட்போல் கிளப். அவையின்ரை பஸ்ஸை ஓட்டினது நான்தான், போன வருசம் வரைக்கும். இந்தக் கலியாண வீடு, கோயில் திருவிழா, கிழவர்மாரின்ரை சுற்றுலா, இதெல்லாம் இப்பத்தான்.

ஏன் விட்டனீங்கள் எண்டு கேக்கிறியள். நான் விடேல்லைத் தம்பி. விடப்பண்ணினவை. கேளுங்கோ, கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்கோ.

மேர்டோ ஹால்டேன் எண்டு ஒரு மனுசன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கனடாவிலை வளந்த பிள்ளை. இந்த ஊரிலை எந்தக் குடிக்கிற கடைக்குள்ளை போனாலும் அந்தாளின்ரை படம் சுவரிலை இருக்கும். தேப்பன் மீன்பிடி வள்ளத்திலை போனவர். தாய் மீன் ஆலையிலை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிசிலை அந்த ஆலையிலைதான் வேலை. மேர்டோவின்ரை தாயும் நானும் ஒரே மேசையிலை நிண்டுதான் மீன் வெட்டினது. மனுசி அப்ப நாள் முழுக்க மகன்ரை கதைதான். பதினேழு வயசிலை கிரேக்ஹேவனுக்கு விளையாடத் தொடங்கினவனாம், இங்கிலாந்திலையிருந்து பெரிய கிளப் வந்து பாத்ததாம், வாங்கிக்கொண்டு போனதாம். எனக்கு அப்ப இங்கிலீசே அரைகுறை. அவ சொல்லுறதுக்கெல்லாம் தலையை ஆட்டுவன். அதாலை என்னிலை அவவுக்குச் சரியான விருப்பம்.

இங்கிலாந்திலை ரண்டு வருசம் நல்லா விளையாடினவர். பிறகு ஒருத்தன் முழங்காலிலை மிதிச்சுப்போட்டான். வெட்டித் தைச்சு, திருப்பி வெட்டித் தைச்சு, அந்தப் பெரிய கிளப் இனி வேண்டாம் எண்டிட்டுது. அங்கை இஞ்சை எண்டு நாலைஞ்சு சின்னக் கிளப்பிலை அலைஞ்சுபோட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். வந்து என்ன செய்தவர் தெரியுமே? ஒரு பெரிய கிளாஸ்கோ ரீம் கிண்ணப் போட்டிக்கு இஞ்சை வந்தது. அந்த நொண்டிக் காலோடை எழும்பித் தலையாலை அடிச்சார் ஒரு கோல். அதுதான் அந்தப் படம். பந்தைத் தூக்கிக் குடுத்தவன் பிரேசர். பிரேசர் மேர்டோவின்ரை பள்ளிக்கூடச் சிநேகிதன். ஒரே தெரு. பிரேசரின்ரை கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் மேர்டோதான்.

முழங்கால் ஒரேயடியாக் கைவிட, கிளப்காரர் மேர்டோவை மனேஜர் ஆக்கிச்சினம். பிரேசர் கப்டன். அதுக்கு முந்தின வருசம்தான் எங்கடை பஸ் கொம்பனிக்கும் கிளப்புக்கும் ஒப்பந்தம் வந்தது. நான் சாரதி.

மனேஜர் எண்டால் தனிமை தம்பி. அதை நான் கண்ணாலை கண்டனான். நேற்று வரைக்கும் பெடியளோடை பின் சீற்றிலை இருந்து கூத்தடிச்ச மனுசன், மனேஜரான அண்டைக்கே முன்னுக்கு வந்திட்டார். இப்ப நீங்கள் இருக்கிற இந்த இடத்திலை. முதல் றோட்டைப் பற்றிக் கதைப்பார், மழையைப் பற்றிக் கதைப்பார், தாயின்ரை சுகத்தைப் பற்றிக் கதைப்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமா ரீமைப் பற்றி. ஆர் ஒழுங்கா ஓடுறேல்லை, ஆர் வீட்டிலை பிரச்சினை, எல்லாம். மற்றவை எல்லாரும் என்னை பாரி எண்டு கூப்பிடுவினம். பரராஜசிங்கம் எண்டு சொல்ல அவையின்ரை நாக்கு வளையாது. மேர்டோ மட்டும் பரா எண்டு வடிவாச் சொல்லுவார். இங்கிலீசிலை எல்லாருக்கும் ஒரே ‘யூ’தான், ஆனா அந்தாள் சொல்லேக்கை எனக்கு அது ‘நீங்கள்’ எண்டுதான் கேக்கும்.

ஒருநாள் கேட்டன், ஏன் சேர் இதெல்லாம் என்னட்டைச் சொல்லுறியள் எண்டு.

“நீங்கள் றோட்டைப் பாத்துக்கொண்டு கேக்கிறியள், பரா. என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. அது லேசா இருக்கு” எண்டார்.

முதல் வருசம் நல்லாப் போச்சுது. ரண்டாவதும் பரவாயில்லை. மூண்டாவது வருசம் நல்லா விளையாடின ரண்டு பெடியளைப் பெரிய கிளப்புகள் கொண்டுபோட்டுது. தோல்விக்கு மேலை தோல்வி. இஞ்சை கடைசியா வாற கிளப் லீக்கை விட்டே வெளியிலை போகவேணும். போனால் திரும்பி வாறது பெரும்பாடு. கிரேக்ஹேவன் என்ரை பாட்டன்ரை பாட்டன் காலத்திலையிருந்து அந்த லீக்கிலை இருக்குது. மீன் ஆலையையும் பாதி பூட்டியாச்சு. ஊருக்கு மிச்சமா இருக்கிறது அந்தக் கிளப்தான். கடையிலை, தபால் கந்தோரிலை, டொக்டரிட்டை, எங்கை போனாலும் அதே கதை. மேர்டோவின்ரை தாய் கடைக்குப் போறதை நிப்பாட்டிப்போட்டா.

ஏப்ரல் கடைசியிலை ஒரு மட்ச்தான் மிச்சம். கிளென்பாரோவோடை, அவையின்ரை மைதானத்திலை. அவையும் எங்களைப்போலத்தான், சாகக் கிடக்கினம். நாங்கள் தோத்தால் நாங்கள் வெளியிலை. சமமா முடிஞ்சால் நாங்கள் தப்புவம், அவை போவினம்.

அதுக்கு முதல் சனிக்கிழமை ஒரு இடத்திலை தோத்துப்போட்டு வந்துகொண்டிருக்கிறம். ரண்டு கோலும் பிரேசராலைதான். முப்பத்தாறு வயசு தம்பி. எதிர்ப்பக்கத்துச் சின்னப் பெடியன் ஒருத்தன் பக்கத்தாலை ஓட, பிரேசர் திரும்பிறதுக்குள்ளை அவன் கோலடிச்சுப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறான். பஸ்ஸுக்குள்ளை எல்லாற்றை காதிலையும் பாட்டு மெசின். மேர்டோ நெடுக வெளியாலை பாத்துக்கொண்டு வந்தவர், திடீரெண்டு மெதுவாச் சொன்னார்:

“அடுத்த சனி பிரேசரை நான் இறக்கப்போறேல்லை, பரா.”

எனக்கு ஸ்ரியறிங் ஒருக்கா ஆடிப்போச்சு.

“வியாழன் றெயினிங் முடிய அவன்ரை வீட்டை போய் நானே சொல்லுவன். இப்ப சொன்னால் கிழமை முழுக்கப் பெடியள் உடைஞ்சு போவாங்கள். அதுவரைக்கும் எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். வேறை ஒருத்தற்றை வாயாலை கேட்டால் அவன் தாங்கமாட்டான்.”

“சேர், என்னட்டைச் சொன்னால்...” எண்டு நான் தொடங்க,

“தெரியும்” எண்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன விலையும் குடுப்பன். முழு ஊரும் அறியத் துடிக்கிற விசயம், உதவி மனேஜருக்குக்கூடத் தெரியாது, அது எனக்குள்ளை இருக்குது. வீட்டை வந்து மனுசிக்கும் சொல்லேல்லை. சுகிர்தா ஏன் சாப்பிடுறியள் இல்லை எண்டு கேட்டவ. வயித்துக்குள்ளை ஒரு மாதிரி எண்டன். அவ்வளவு கட்டுப்பாடு.

திங்கக்கிழமை பேப்பர் வாங்க மச்சான்ரை கடைக்குப் போனனான். மச்சான் எண்டால் சுகிர்தாவின்ரை தமையன், திருச்செல்வம். உதிலை துறைமுகத்துக்கு ஏறுற வளைவிலை கடை. அந்தாளுக்குப் பிரேசர் எண்டால் உயிர். பிரேசர் கையெழுத்துப் போட்ட சேர்ட் ஒண்டு சாமிப் படத்துக்குப் பக்கத்திலை தொங்குது.

“என்ன பரா, முகம் வேறை மாதிரிக் கிடக்கு” எண்டார்.

“ஒண்டுமில்லை மச்சான்.”

“சனிக்கிழமையை நினைச்சே? பயப்பிடாதை. பிரேசர் நிக்கிறான், பாத்துக்கொள்ளுவான்.”

இப்ப நீங்களே சொல்லுங்கோ. ஒரு மனுசன் தெரியாத்தனமா ஒரு நம்பிக்கையிலை இருக்கிறார். சனிக்கிழமை மைதானத்துக்குப் போய் நிண்டு நெஞ்சு வெடிச்சால் ஆர் பொறுப்பு? அந்தாளுக்கு இரத்த அழுத்தம் வேறை. அதாலை, அந்த ஒரு சொட்டு மட்டும் சொன்னன். பிரேசர் சனிக்கிழமை இல்லை எண்டு. அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அவரிட்டைச் சத்தியமும் வாங்கினனான். சொந்த மச்சான் தம்பி. பிறத்தி ஆளே?

புதன்கிழமை காலமை பிரேசரின்ரை மனுசி மொய்ரா பால் வாங்க வந்தவவாம். மச்சான் இளகின மனசுக்காரர். “கேள்விப்பட்டனான் மொய்ரா, சரியான கவலை. இவ்வளவு வருசம் விளையாடினவருக்கு இப்பிடிச் செய்யக்கூடாது” எண்டிருக்கிறார். ஆறுதல்தானே? ஆறுதல் சொல்லுறது குற்றமே? அவ உடனை, ஆர் சொன்னது எண்டு கேட்டவவாம். இந்தாள் பரா எண்டிருக்கிறார். என்ரை பேரை இழுத்திருக்கத் தேவையில்லை, அது அவற்றை பிழை. அவ பாலைக் கல்லாவிலை வைச்சிட்டுப் போட்டா.

ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. அவ என்ன கேட்டவ? ஆர் சொன்னது எண்டு கேட்டவ. என்ன விசயம் எண்டு கேக்கேல்லை. தெரியாத ஆள் எண்டால் என்ன எண்டெல்லே முதல் கேக்கும்? அவவுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்குது. எங்கையிருந்து போனது எண்டுதான் இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. எனக்குக் கிளப்பிலை கால் பிடிச்சுவிடுற பெடியனிலை ஒரு சந்தேகம் இருக்குது. அவன்ரை பார்வை சரியில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் றெயினிங். நான் சனிக்கிழமைக்கு பஸ்ஸைக் கழுவவெண்டு மைதானத்துக்குப் பக்கத்திலை கொண்டுவந்து விட்டிருந்தனான். வாளியும் தும்புத்தடியும் கையுமா நிக்கிறன். பெடியள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிக்கிறாங்கள். பிரேசர் காரிலை வந்து இறங்கினார். உடுப்பு மாத்தேல்லை. வேலைக்குப் போற சப்பாத்தோடை நேரா புல்லுக்கு நடுவாலை மேர்டோவிட்டைப் போனார். நடையைக் கண்டோடனை எனக்கு விளங்கிப்போச்சு, ஏதோ நடக்கப்போகுதெண்டு. ஓடின பெடியள் ஒவ்வொருத்தனா நிண்டாங்கள்.

“எப்ப சொல்லுறதா இருந்தனீ?” எண்டார் பிரேசர்.

மேர்டோ, “இண்டைக்கு. உன்ரை வீட்டிலை” எண்டார்.

“என்ரை மனுசிக்குக் கடைக்காரன் சொல்லிப்போட்டான்.”

“பிரேசர், உள்ளுக்கு வா, கதைப்பம்.”

“என்ரை கலியாணத்திலை எனக்குப் பக்கத்திலை நிண்டவன் நீ. எனக்குச் சொல்ல முந்தி பஸ் ட்ரைவருக்குச் சொல்லியிருக்கிறாய்.”

அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்கள். கையிலை தும்புத்தடி, தண்ணி சப்பாத்துக்குள்ளை வடியுது. பஸ் ட்ரைவராம். எத்தினை வருசம் ஏத்தி இறக்கினனான். பாரி எண்டாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோவத்துக்கு, போய் ரண்டு சொல்லுக் கேட்டிருப்பன். ஆனா மேர்டோவின்ரை முகத்தைப் பாத்திட்டு நிண்டிட்டன். அந்தாள் என்னை ஒருக்காத்தான் பாத்தவர். பிறகு பிரேசரிட்டைச் சொன்னார்:

“பிழை என்ரை. முதல் உன்னட்டை வந்திருக்க வேணும்.”

பாத்தியளே? தானே ஒத்துக்கொண்டிட்டார், பிழை தன்ரையெண்டு. எல்லாருக்கும் கேக்கச் சொன்னவர். பிறகு ஏன் என்னிலை முழுசினவையோ தெரியாது.

பிரேசர் திரும்பிப் போயிட்டார். நாலு பெடியள் அவரோடை கார் வரைக்கும் போய்க் கதைச்சுக்கொண்டு நிண்டாங்கள். மிச்சப் பேர் பந்தை அங்கையும் இஞ்சையும் தட்டினாங்கள். இருட்டுப்பட முதல் மேர்டோ பஸ்ஸடிக்கு வந்தார்.

“பரா, ஆருக்கும் சொன்னனீங்களோ?”

நான் அவற்றை கண்ணை நேராப் பாத்துச் சொன்னன்: “நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சேர்.”

மச்சானைக் கணக்கிலை எடுக்கேலாதெல்லே. அவர் தலையை ஆட்டிப்போட்டுப் போனார்.

அடுத்த நாள் நடந்ததுதான் தம்பி, அதை நினைச்சால் இண்டைக்கும் எனக்கு மனம் ஆறாது. வெள்ளி பின்னேரம் கதவு தட்டிக் கேக்குது. திறந்தால் மேர்டோ. எங்கடை வீட்டுக்கு அந்தாள் வாறது அதுதான் முதல் தரம். சுகிர்தா ஓடுப்பட்டு றோல்ஸ் பொரிச்சு, தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ. அந்தாள் கதிரையின்ரை நுனியிலை இருந்து தேத்தண்ணி முழுக்கக் குடிச்சார். அம்மாவுக்கு நெஞ்சு நோ எண்டார். சுகிர்தாவிட்டை பிள்ளையளைப் பற்றிக் கேட்டார். பிறகு கோப்பையைக் கீழை வைச்சிட்டு,

“பரா, நாளைக்கு நீங்கள் ஓட்டேல்லை. வேறை ஆளை அனுப்பச் சொல்லிக் கொம்பனிக்குச் சொல்லிப்போட்டன்” எண்டார். “இதை வேறை ஆரும் உங்களுக்குச் சொல்லக்கூடாது. அதுதான் நானே வந்தனான்.”

என்ரை வீட்டிலை, என்ரை மனுசிக்கு முன்னாலை, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு. ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெக்கம் இல்லை. அதுக்கும் வேலைமினக்கெட்டு வீட்டை வரவேணுமே, ஒரு மனுசன்?

அந்தாள் போனாப்பிறகு சுகிர்தா கேட்டா, “நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“உன்ரை கொண்ணனுக்கு மட்டும்தான்” எண்டன்.

அவ றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போனவ, ரண்டு நாளா என்னோடை கதைக்கேல்லை. அவவுக்குத் தன்ரை தமையனை ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது. அப்பிடி வளத்திருக்கினம்.

சனிக்கிழமை நான் வீட்டிலை இருப்பனே? என்ரை காரை எடுத்துக்கொண்டு கிளென்பாரோவுக்குப் போனன். ரிக்கற் வாங்கி எங்கடை சனத்தோடை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். எங்கடை பஸ்ஸை எவனோ ஒருத்தன் வளைச்சு வெட்டி நிப்பாட்டி வைச்சிருக்கிறான், பின்சில்லு புல்லுக்குள்ளை. அதைப் பாக்கவே வயித்தெரிச்சல்.

பிரேசர் பெஞ்சிலை. குளிர்ச் சட்டையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப்போட்டு, ஒருத்தரையும் பாக்காமல். அவரோடை நிண்ட நாலு பெடியளும் மைதானத்திலை ஏனோதானோ எண்டு ஓடுறாங்கள். பந்து பக்கத்தாலை போகுது, ஆர் எடுக்கிறது எண்டு ஆளையாள் பாக்கிறாங்கள். மேர்டோ எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலை நிண்டு கத்துறார். அந்தாள் கத்தி நான் கேட்டதில்லை. முதல் பாதி எப்பிடியோ தப்பிச்சம். இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்திலை அவை ஒண்டு அடிச்சுப்போட்டினம்.

எனக்குப் பக்கத்திலை ஒரு வயசான மனுசன், தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக் கசக்கினார். எங்கடை சனம் பிரேசர், பிரேசர் எண்டு தொடங்கிச்சுது. முதல் நாலைஞ்சு பேர். பிறகு எல்லாரும். என்ரை மச்சான் எனக்குப் பின்னாலை நிண்டு தொண்டை கிழியக் கத்துறார். அது மேர்டோவுக்கு எதிரா எண்டு எல்லாருக்கும் விளங்கும். அந்தாள் திரும்பியும் பாக்கேல்லை. இன்னொரு பெடியனை மாத்தினார். சனம் ஊ எண்டு கத்திச்சுது. நேரம் போகுது. கம்பியைப் பிடிச்ச கை எனக்கு விறைச்சுப்போச்சு.

கடைசியிலை போய்ப் பிரேசருக்கு முன்னாலை நிண்டார். பிரேசர் எழும்பேல்லை. தம்பி, அந்த நேரம் மைதானத்திலை என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் பாத்திருக்கமாட்டினம். எல்லாரும் அந்த ரண்டு பேரையும்தான் பாத்தது. மேர்டோ குனிஞ்சு ஏதோ சொன்னார். பிரேசர் குளிர்ச் சட்டையைக் கழட்டினார். கோட்டடியிலை மேர்டோ அவற்றை தோளிலை கையை வைக்கப் போக, இவர் தோளைச் சரிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனார்.

அந்த நாலு பெடியளும் பேய் பிடிச்ச மாதிரி ஓடத் தொடங்கினாங்கள். முடியப்போற நேரம் மூலையிலையிருந்து ஒரு கோர்ணர் அடிச்சது. பந்து பெடியளின்ரை கூட்டத்துக்குள்ளை அங்கையிஞ்சை பட்டு, பிரேசரின்ரை முழங்காலிலை பட்டு உள்ளுக்குப் போச்சுது. வடிவான கோல் எண்டு சொல்லமாட்டன். ஆனா கோல்.

பிரேசர் எங்கடை பக்கம் ஓடி வந்தார், மேர்டோவைக் கடந்து. முழு ரீமும் அவருக்கு மேலை. என்ரை மச்சான் அழுறார். நான் மேர்டோவைப் பாத்தன். கையை ஒருக்கா மேலை தூக்கினார், பிறகு கீழை விட்டார். நிலத்திலை கிடந்த தண்ணிப் போத்திலை எடுத்து நிமித்தி வைச்சார்.

கிளப் தப்பிச்சுது. மேர்டோ தப்பேல்லை. பிரேசரை வெளியிலை வைச்சவன் எண்டு சனம் கத்திச்சுது. அந்தாளின்ரை பேச்சைப் பெடியள் கேக்கிறாங்களில்லை எண்டு நிர்வாகக்காரர் கூடிப் பேசிச்சினம். அடுத்த கிழமை அனுப்பிப்போட்டினம். பிரேசரை மனேஜர் ஆக்கிச்சினம்.

பிரேசர் மனேஜரான உடனை என்னைத்தான் திருப்பிக் கூப்பிட்டவர். கையைக் குடுத்து, “நீ எனக்கு நல்லது செய்தனீ, பாரி” எண்டார். என்ன நல்லதெண்டு எனக்கு விளங்கேல்லை. எண்டாலும் நல்ல பேர் வரேக்கை ஏன் வேண்டாம் எண்டுவான்? ஆனா பிரேசர் முன்னுக்கு இருக்கிறேல்லை. பின்னுக்குத்தான். இந்தச் சீற்றிலை தன்ரை பையை வைப்பார். என்னோடை பேச்சு எண்டால், எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம், அவ்வளவுதான்.

மேர்டோ கொஞ்சக் காலம் ஆற்றையோ கொம்பனிக்கு வான் ஓட்டினவராம். தாயும் அந்த மாரியோடை போட்டா. செத்தவீட்டுக்கு நான் போனனான். கையைப் பிடிச்சு விட்டிட்டு அடுத்த ஆளிட்டைத் திரும்பினார். பிறகு வடக்கை ஸ்கெரி எண்டு ஒரு துண்டு ஊர். மீன்பிடிக்காரரும் வாத்திமாரும் வேலை முடிச்சு வந்து விளையாடுற கிளப். லீக்கிலையே இல்லை. அதுக்கு மனேஜராப் போனவர். முடிஞ்சுது, அந்தாளின்ரை காலம் முடிஞ்சுது எண்டு ஊரிலை சொல்லிச்சினம்.

போன கார்த்திகை, கிண்ணப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினால் எங்களுக்கு விழுந்தது ஸ்கெரி. அவையின்ரை மைதானத்திலை. போற வழி முழுக்க எனக்கு அதே யோசினைதான். என்ன முகத்தோடை என்னைப் பாக்கப்போறாரோ.

பெடியளை இறக்கிப்போட்டு பஸ்ஸுக்குள்ளை தனிய இருக்கிறன். கதவடியிலை ஒரு ஆள். மேர்டோ. தலை நரைச்சுப்போச்சு. ஏறி வந்து, பிரேசரின்ரை பையைத் தூக்கி மற்றப் பக்கம் வைச்சிட்டு, இந்தச் சீற்றிலை இருந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடியாலை வெளியிலை பாத்தார்.

“சுகிர்தா எப்பிடி, பரா?”

பேரை மறக்கேல்லை. பிள்ளையளைக் கேட்டார். கொம்பனியைக் கேட்டார். பிறகு குரலைக் குறைச்சுச் சொன்னார்:

“உங்களுக்கு மட்டும் சொல்லுறன். என்ரை இடது பக்கம் தடுத்து விளையாடுற பெடியனுக்கு முழங்கால் சரியில்லை. மாத்த ஆள் இல்லை. அரை மணித்தியாலம் நிண்டால் பெரிய விசயம். எனக்கு இரவு முழுக்க நித்திரையில்லை.”

“சேர், என்னட்டைச் சொன்னால்...” எண்டன்.

“தெரியும்” எண்டார்.

யோசிச்சுப் பாருங்கோ தம்பி. அவ்வளவு நடந்து, பஸ்ஸிலையிருந்து என்னை இறக்கிவிட்டு, இத்தினை வருசத்துக்குப் பிறகு அந்தாள் திரும்ப என்னை நம்புறார். அவர் இறங்கிப் போனாப்பிறகு நான் கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தன்.

அப்ப பிரேசர் பையை எடுக்க வந்தார். பை மாறிக் கிடக்கிறதைப் பாத்து, ஆர் வந்தது எண்டு கேட்டார். நான் என்ன செய்ய? அவர் என்ரை மனேஜர். அவற்றை பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அவருக்கு ஒளிக்கிறது துரோகமெல்லே? மேர்டோ எனக்குச் சிநேகிதம், இவர் எனக்கு வேலை. ரண்டும் வேறை வேறை. அதாலை அவருக்கு மட்டும் சொன்னன். வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

பிரேசரின்ரை முகம் மலர்ந்ததை அண்டைக்குத்தான் கண்டன். ஓடிப்போய் ரீமையே மாத்தினார். எங்கடை விரைவான பெடியள் ரண்டு பேரையும் அந்தப் பக்கம் போட்டு, எல்லாப் பந்தையும் அந்தப் பக்கமே குடுக்கச் சொன்னார்.

அந்த முழங்கால் பெடியன், செம்பட்டைத் தலை, பள்ளிக்கூட வாத்தியாம். தம்பி, அவன் மானைப்போல ஓடினான். எங்கடை பெடியள் கொண்டுபோற பந்தெல்லாம் அவன்ரை காலிலை. எல்லாரும் அந்தப் பக்கம் குவிஞ்சு நிக்க, மற்றப் பக்கம் வெட்டவெளி. அதாலை வந்து ரண்டு கோல் அடிச்சுப்போட்டாங்கள் ஸ்கெரிக்காரர். கடைசி விசில் ஊதின நேரமும் அந்தப் பெடியன் ஓடிக்கொண்டுதான் நிக்கிறான். சனம் மைதானத்துக்குள்ளை இறங்கி மேர்டோவைத் தூக்கிக்கொண்டு திரியுது. பிரேசர் மைதானத்திலை நிண்டபடி பஸ்ஸைப் பாத்தார். என்னைத்தான் பாத்தவர். நெடுநேரம் பாத்தவர்.

நாங்கள் வெளிக்கிட முதல் மேர்டோ வந்தார். அந்தச் சனத்துக்குள்ளாலை விலத்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. யன்னலாலை என்ரை கையை ரண்டு கையாலையும் பிடிச்சார்.

“நன்றி, பரா” எண்டார். “உங்களிலை எனக்கு எப்பவும் நம்பிக்கை.”

திங்கக்கிழமை கொம்பனியிலையிருந்து போன், இனிக் கிளப் பஸ் எனக்கில்லையெண்டு. காரணம் கேட்டால் பிரேசரைக் கேள் எண்டினம். பிரேசர் போன் எடுக்கிறேல்லை. இவ்வளவு விசுவாசமா இருந்தவனுக்கு இதுதானே கிடைக்கிறது.

போகட்டும். தோத்த ரீமின்ரை ட்ரைவருக்கு வந்து நன்றி சொல்ல வேறை எந்த மனேஜருக்குத் தம்பி மனம் வரும்? அது எனக்குக் காணும். ஆனா அந்த வாத்திப் பெடியன்ரை முழங்காலுக்கு என்ன மருந்து போட்டவை எண்டு மேர்டோவிட்டைக் கேக்க மறந்துபோனன். எனக்கும் இப்ப கிளச் மிதிக்கேக்கை இந்த முழங்கால் ஒரே நோ.